கூரை யாருடையது?



தென்மேல் பருவக்காற்று டிக்கோயாப் பள்ளத்தாக்கில் சீறி இறங்கும் நாட்களில், ஒரு லயத்தின் கூரைத் தகரம் ஒன்று கழன்று பறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தகரம் நான்காம் காம்பராவுக்கும் ஐந்தாம் காம்பராவுக்கும் நடுவே இருந்தது. மழைநீர் இரண்டு குடும்பங்களின் அடுப்பிலும் விழுகிறது. தகரத்தை மாற்ற வேண்டியவர் யார்? நான்காம் காம்பராவில் இருப்பவரா, ஐந்தாம் காம்பராவில் இருப்பவரா, அந்த லயத்தில் வாழும் அத்தனை குடும்பங்களுமா, தோட்டத்துத் துரையா, அல்லது அரசாங்கமா?

இதே கேள்வி கொழும்பிலுள்ள ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில் எழுமானால் அதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள லயத்தில் எழுந்தாலோ, விடை இல்லையென்று சொல்ல முடியாது. விடைகள் பல இருக்கின்றன. ஒவ்வொரு விடையும் பொறுப்பை அடுத்தவர் தோளில் ஏற்றிவிட்டு நகர்ந்துகொள்கிறது. பல குடும்பங்கள் ஒரே கட்டடத்தில் வாழும்போது பொதுவான உடைமையை ஆளும் முறை யாது, அம்முறை மலைநாட்டு லயத்தை ஏன் எட்டவில்லை என்பதைப்பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

லயம் என்ற சொல்லை முதலில் கவனியுங்கள். சங்கீதம் கற்றவருக்கு லயம் என்றால் தாளத்தோடு இயைந்து நிற்பது. வேதாந்திக்கு லயம் என்றால் ஒன்றில் ஒன்று கரைந்து மறைவது. தோட்டத்து லயமோ ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் நம்மவர் நாவில் உருண்டு தமிழானது. வரிசையாகக் கட்டிய அறைகள் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் ஓர் அறை, முன்னே ஓர் இஸ்தோப்பு, அதன் ஒரு மூலையில் அடுப்பு. இப்படிப் பத்து, பன்னிரண்டு அறைகள் தோளோடு தோள் இடித்து நிற்கும். இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டி மற்றொரு வரிசையும் உண்டு. நடுச்சுவர் ஒன்றே, முகடும் ஒன்றே. பின்பக்கத்து அறைக்குச் சன்னல் வைக்க இடமே இராது.

இக்கட்டடம் நிலையான குடியிருப்புக்காக எழுந்ததன்று. 1830களுக்குப் பின் மலைநாட்டில் பரவிய கோப்பிப் பயிருக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேயே ஆட்கள் பெருந்தொகையாய்த் தேவைப்பட்டனர். அவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து, பருவம் முடிந்ததும் பெரும்பாலும் திரும்பிப் போயினர். சில மாதம் தங்கிப் போகிறவர்களுக்குப் போட்ட ஒதுக்கிடமே லயம். 1869 முதல் இலைநோய் கோப்பியை அழிக்க, அதற்குச் சற்று முன்னர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. தேயிலைக்குப் பருவம் என்ற ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே ஆட்கள் குடும்பத்தோடு நிலைத்தனர். ஆட்கள் நிலைத்த பின்னும் கட்டடம் மட்டும் ஒதுக்கிடமாகவே நின்றுவிட்டது. மலையகத்து வீட்டுப் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். இலங்கையின் பொதுச் சட்டம் உரோம டச்சுச் சட்டத்தின் வழி வந்தது. அதன்படி நிலத்துக்கு உடையவர் எவரோ, அந்நிலத்தின்மீது எழும் கட்டடத்துக்கும் அவரே உடையவர். நிலம் ஒருவருக்கு, அதன்மேல் மூன்றாம் மாடியில் உள்ள ஒரு வீடு மட்டும் வேறொருவருக்கு என்று பிரித்து உறுதி எழுத அந்தச் சட்டத்தில் வழியில்லை. பலர் சேர்ந்து பிரிபடாத பங்காக ஒரு சொத்தை வைத்திருக்கலாம். ஆனால் பங்காளிகளில் ஒருவர் மனம் மாறிப் பங்குபிரிப்பு வழக்குத் தொடுத்தால் முழுச் சொத்தும் ஆட்டங்காணும். நம் கிராமங்களில் கால் ஏக்கர்க் காணிக்கு மூன்று தலைமுறை வழக்காடிய கதைகளை நேயர்கள் அறியாதவர்கள் அல்லர்.

ஆகவே மாடி வீடுகளுக்குப் புதுச் சட்டம் வேண்டியதாயிற்று. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961இலும், சிங்கப்பூர் 1967இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. இலங்கையில் 1970ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் முதலில் வந்தது. அதனை நீக்கி 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி வீட்டுரிமைச் சட்டம் வந்தது. அது 1982இலும் 2003இலும் பெரிதும் திருத்தப்பட்டு இன்று நடைமுறையில் உள்ளது.

அச்சட்டத்தின் சூட்சுமம் எளியதே. கட்டடத்தை அது இரண்டாகப் பார்க்கிறது. ஒருவருக்கே உரிய வீடு ஒரு பகுதி. மற்றையது, நிலம், அத்திவாரம், தூண், கூரை, படிக்கட்டு, நடைவழி, கழிவுநீர்க் குழாய் என எல்லாருக்கும் பொதுவானவை. வீட்டை வாங்குபவர் பொதுவானவற்றிலும் ஒரு பங்கை அதனோடு சேர்த்தே வாங்குகிறார். வீட்டை வைத்துக்கொண்டு கூரைப் பங்கை விற்க இயலாது. கூரைப் பங்கை வைத்துக்கொண்டு வீட்டை விற்கவும் இயலாது. பொதுவானவற்றைப் பங்குபிரிக்கும்படி எவரும் நீதிமன்றம் போக முடியாது. பங்காளிச் சண்டையின் கதவை இவ்வாறு தாழிட்டுவிட்டுச் சட்டம் அடுத்த படிக்குப் போகிறது.

கட்டடத்தின் வரைபடமும் பிரகடன உறுதியும் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதும், அக்கட்டடத்துக்கென்று ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உண்டாகிறது. வீட்டு உரிமையாளர் அனைவரும் அதன் அங்கத்தவர்கள். விரும்பினால் சேரலாம், கோபித்துக்கொண்டு விலகலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. வீடு இருக்கும்வரை அங்கத்துவமும் இருக்கும். வாசிகசாலைச் சங்கத்துக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இதுதான். அக்கூட்டுத்தாபனம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். தன் பெயரில் வழக்குத் தொடுக்கும், தன்மேல் வழக்கு வந்தால் நின்று பதில் சொல்லும். ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூடி ஒரு நிர்வாக சபையைத் தெரிந்தெடுக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் வரையறுத்த பங்குப் பெறுமதியின்படி பணம் அறவிடப்படுகிறது. அப்பணம் கொடாதவரிடமிருந்து கடனைப்போல் அதனை அறவிடலாம். சேரும் பணத்திலிருந்து கூரை பழுதுபார்க்கப்படும். குழாய் அடைப்பு நீக்கப்படும். தீ விபத்துக்கெதிராகக் கட்டடம் காப்புறுதி செய்யப்படும். இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்யக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை என்ற அரச நிறுவனமும் உண்டு. 1973இல் பொதுவசதிகள் சபை என்ற பெயரோடு பிறந்த சபையே 2003இல் இப்பெயரைப் பெற்றது.

இவ்வேற்பாடு குறையற்றதென்று நான் சொல்ல வரவில்லை. மேல்மாடிக்காரருக்கே மின்தூக்கி வேண்டும், எனக்கேன் அதன் செலவு என்று கீழ்வீட்டுக்காரர் கேட்பதும், கூட்டத்துக்கு வராமலே குறை கூறும் கனவான்கள் இருப்பதும் எந்த நாட்டுத் தொடர்மாடியிலும் காணக்கூடிய காட்சிகள். எனினும் கூரை ஒழுகும்போது எந்தக் கதவைத் தட்டுவது என்பது அங்கே தெரியும்.

லயமும் இதே வகைக் கட்டடந்தானே! ஒரே கூரை, ஒரே சுவர், ஒரே கான், ஒரே பீலி. சொல்லப்போனால் கொழும்புத் தொடர்மாடியைவிட லயத்தில் பொதுவானது அதிகம். ஒரு காம்பராவில் பிடித்த தீ, முகட்டு மரத்தின் வழியே ஓடி முழு வரிசையையும் விழுங்கிவிடுகிறது. லயன்குடியிருப்பில் தீ என்ற செய்தியைப் பத்திரிகைகளில் நாம் திரும்பத் திரும்பப் படிப்பதன் காரணம் அதுதான். அப்படியிருக்க, மேற்சொன்ன சட்டத்தில் ஒரு வரிகூட ஏன் லயத்துக்குப் பொருந்தவில்லை? அது உரிமையாளர்களுக்காக எழுந்த சட்டம். லயத்தில் வாழ்வோர் உரிமையாளர் அல்லர். வாடகை கொடுக்கும் குடியிருப்பாளரும் அல்லர். வேலையோடு ஒட்டிவந்த அறையில் வேலை இருக்கும்வரை இருப்பவர்கள் என்பதே அவர்களுடைய நிலை. பெயர்ப்பதிவு உள்ள ஒருவராவது வீட்டில் இருந்தால்தான் காம்பராவும் கையில் நிற்கும் என்ற அச்சம், பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்ட குடும்பங்களை இன்றும் உறுத்துகிறது.

இங்கே சில ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 1973இல், வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் அவ்வாண்டின் முதலாம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. அதன் பயனாக நகரங்களில் வாடகைக்கு இருந்த பலர் தாம் வாழ்ந்த வீட்டுக்கே உரிமையாளராயினர். அதே ஆண்டில் பொதுவசதிகள் சபையும் தொடர்மாடிச் சட்டமும் பிறந்தன. ஆக, நகரத்துக் குடியிருப்பாளருக்கு வீடும் கிடைத்தது, அந்த வீட்டின் பொதுக்கூரையை ஆளும் வழியும் கிடைத்தது. அக்காலத்திலேயே மலைநாட்டிலும் சொத்துக் கைமாறியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அந்த மாற்றத்தில் லயத்துக்காரருக்கு ஒரு காம்பராவும் உரிமையாகவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட பெருந்தொகையினர் அவர்களிலே அடங்குவர். வாக்கில்லாதவருடைய கூரையைப்பற்றிக் கவலைப்பட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. அப்போதே லயத்துக்கும் ஒரு சட்டம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, வாழ்க்கை தொழிலாளியுடையது என்று மூன்றாகப் பிரிந்தது. அதே 1992இல் அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்த ஒரு நிதியம் தோட்டத்து வீடமைப்புக்கும் நலனுக்குமென அமைக்கப்பட்டது. பின்னர் அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் மாறியது. லயங்களுக்குப் புதுக்கூரை போட்டதும், இரட்டை வீடுகள் கட்டியதும், கழிப்பறைகள் அமைத்ததும் இதன் வேலைகளுள் அடங்கும். இவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒழுகாத கூரை பெரிய காரியந்தான். பிரதேச சபையோ கையைக் கட்டிக்கொண்டு நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாய் இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிந்த உறுப்பினர், தம்மைத் தெரிந்தவர்களுடைய கானை வெட்ட ஒரு ரூபாய் ஒதுக்க முடியாத விநோதம் 2018இல் அப்பிரிவு திருத்தப்படும்வரை நீடித்தது. நுவரெலியாவிலும் அம்பகமுவையிலும் இருந்த இரு பெரிய சபைகளைப் பிரித்துக் கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகிய புதிய சபைகள் இயங்கத் தொடங்கியதும் அந்த ஆண்டிலேதான்.

தோட்டங்கள்தோறும் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டாயின. வீட்டுக் கடன் கொடுப்பதும், தவணையைச் சம்பளத்திலிருந்து பிடித்து வரவு வைப்பதும் அவற்றின் முக்கிய வேலை. முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு மிக அருகே வந்த அமைப்பு இதுவே. ஆனாலும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கொழும்பில் உரிமை முதலில் வருகிறது, அறவீடு அதன் பின்னால் வருகிறது. இங்கே அறவீடு முதலில் வந்துவிட்டது. கடன் முழுவதையும் கட்டி முடித்த பின்னும் உறுதிப்பத்திரம் கைக்கு வரக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

தோட்டத்து மக்களுக்குப் பொதுச்சொத்தை நிர்வகிக்கத் தெரியாது, அவர்களிடம் உரிமையைக் கொடுத்தால் கட்டடம் பாழாகிவிடும் என்று படித்தவர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒருமுறையாவது உடனிருந்து பார்த்திருக்கமாட்டார்கள். கோயில் கமிட்டி கூடுகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று தீர்மானமாகிறது. அத்தொகை பல தோட்டங்களில் செக்றோலிலேயே பிடிக்கப்படுகிறது. திருவிழா முடிந்ததும் வரவுசெலவு வாசிக்கப்படுகிறது. கணக்கில் பிழையிருந்தால் கமிட்டித் தலைவர் அடுத்த ஆண்டு தலைவராயிருப்பது கடினம். மரண உதவிச் சங்கமும் அவ்வாறே. எந்தக் காம்பராவில் சாவு விழுந்தாலும் அன்று மாலைக்குள் பெட்டிக்கும் பந்தலுக்கும் பணம் வந்து சேர்கிறது. பங்குப் பெறுமதி, அறவீடு, பொதுக்கூட்டம், கணக்காய்வு ஆகிய எல்லாம் இங்கே வேறு பெயர்களில் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. சாமிக்கும் சாவுக்கும் சங்கம் வைத்து நடத்தத் தெரிந்தவருக்குத் தண்ணீர்க் குழாய்க்கும் கூரைக்கும் சங்கம் வைக்கத் தெரியாதா? தம்முடையது என்று எழுத்தில் இல்லாத கூரைக்கு யார்தான் சந்தா கட்டுவர்?

மலையகத்தில் மாடிக் கட்டடங்களாக வீடு கட்டிக் கொடுக்கலாம் என்ற யோசனை ஒரு கட்டத்தில் எழுந்தது. நிலம் மிச்சமாகும், தேயிலை அழியாது என்பது அதன் நியாயம். மலையக மக்கள் அதனை விரும்பவில்லை. நிலத்தோடு கூடிய தனி வீடே வேண்டும் என்றனர். இதைப் பிடிவாதமென்று சிலர் எண்ணினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூற்றாண்டுக்கு மேலாகப் பொதுக்கூரையின் கீழ் உரிமையின்றி வாழ்ந்தவர்களுக்கு, மற்றொரு பொதுக்கூரையைக் காட்டினால் லயத்தைத் தூக்கி நிறுத்தியதாகத்தானே தெரியும்? அந்த யோசனையைச் சொன்னவர்கள் மாடியின் உயரத்தைப்பற்றிப் பேசினரேயன்றி, உறுதி யார் பெயரில், கூட்டுத்தாபனத்தில் யார் யார், குழாய் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் முன்வைத்து மக்களோடு பேசினதாகத் தெரியவில்லை.

ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு என்பது பின்னர் கொள்கையாயிற்று. இந்திய அரசின் உதவியோடு 4,000 வீடுகள் கட்டும் திட்டம் மலையகத்துக்கு வந்தது. 2017 மே 12ஆம் தேதி நோர்வூட் மைதானத்தில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் நிறுவப்பட்டது. லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போன குடும்பத்தின் முகமலர்ச்சிக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை.

ஆனால் தனி வீட்டோடு பொதுவானவை மறைந்துவிடுவதில்லை. மலைச்சரிவில் இருபது, முப்பது வீடுகள் படிப்படியாக நிற்கின்றன. மேல்வீட்டு மழைநீர் கீழ்வீட்டுப் பின்சுவரில் வந்து மோதும். தண்ணீர் வரும் ஊற்று தோட்டத்து எல்லைக்குள் ஒரு மைல் அப்பால் இருக்கும். தொட்டி ஒன்று, குழாய் ஒன்று. மண் சரியாமல் தாங்கும் கற்கட்டு எந்த ஒரு வீட்டுக்கும் தனிச் சொத்தல்ல. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன துயரத்தை மறந்தவர் யார்? அங்கே அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. இடம்பெயர்க்கும் பொறுப்பு ஒரு கையிலும் நிலைபெறாமல் போயிற்று. சரிவில் வாழ்வோருக்குக் கான் என்பது உயிர் விஷயம். ஆகவே புதிய கிராமத்தில் வீட்டுத் திறப்பைக் கொடுக்கும் நாளிலேயே தொட்டி, கான், கற்கட்டு, பாதை ஆகியவற்றின் வரைபடத்தையும் கொடுத்து, அவற்றுக்கான சங்கத்தைச் சட்டப்படி பதிவுசெய்து கொடுக்க வேண்டும்.

இன்னும் லயங்களிலேயே இருப்பவர்களின் நிலை என்ன? எல்லாருக்கும் தனி வீடு கிடைக்கும் நாள்வரை கூரை காத்திராது. கடல் கடந்து ஓர் உதாரணம் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும் சிக்கலைத் தீர்க்க 2022இல் ஒரு புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் மறுபடி கட்டலாம் என்பது அதன் முக்கிய விதிகளுள் ஒன்று. இடிப்பதா வேண்டாமா என்பதை உள்ளே வாழ்வோர் தீர்மானிக்கிறார்கள். நம் மலைநாட்டில் ஒரு லயத்தைத் திருத்துவதா, இடிப்பதா, எந்தச் சரிவில் மாற்றுவதா என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் அந்த லயத்துக்காரருக்கு ஒரு வாக்காவது சட்டத்தில் உண்டா? முழு உரிமை கொடுக்கும்வரை, ஒவ்வொரு லயத்தின் குடும்பங்களையும் பதிவுசெய்து, கூரைக்கும் கானுக்கும் பீலிக்குமுரிய முடிவுகளில் அவர்களுக்கு வாக்கும், பழுதுபார்க்கும் நிதியில் கையெழுத்தும் கொடுக்கலாம். தகரம் பறந்தால் அடுத்த வாரம் மாற்ற அது போதும். இதற்குக் குத்தகைக் கம்பனியும் பிரதேச சபையும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டிவரும், கொடுக்கத்தான் வேண்டும்.

கடைசியாக, வாக்கு என்றேன். யாருடைய வாக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடர்மாடிச் சட்டத்தில் உறுதியில் பெயர் உள்ளவருக்கே கூட்டத்தில் குரல். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பீலியில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது, எந்தக் கான் எந்த மாதத்தில் நிரம்பி வழிகிறது என்பதை அவர்களே அறிவர். ஆனால் கோயில் கமிட்டியிலும் தோட்டத் தலைவர் பதவியிலும் பெரும்பாலும் ஆண்களே இருந்துவந்துள்ளனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானதே 1984இல்தான். மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்கும் வழக்கம் அதற்குப் பின்னும் பல தோட்டங்களில் இருந்தது. புதிய வீட்டுக்கு உறுதி எழுதும்போது கணவன் பெயரை மட்டும் எழுதினால் அப்பழைய வழக்கம் காணிப் பதிவகத்திலும் போய்க் குடியேறிவிடும். இருவர் பெயரையும் எழுதினால், மழைக்காலத்துக்கு முன்னே கான் வெட்டப் பணம் ஒதுக்கும் கூட்டத்தில் அந்தக் கானைத் தினமும் தாண்டிப் போகிறவளும் உட்கார்ந்திருப்பாள்.